களிமண் மீன் ஏலம்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை பெர்னடெட்டைக் கை முழுக்கக் களிமண்ணோடு கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தோம். கையைக் கழுவிவிட்டாள். விடிந்தால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் சந்தை விளையாட்டைப் பார்க்க ஊரே வரப்போகிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் என்மேல் வேண்டாம், சீவரத்தினத்தார்மேல் காட்டுங்கள். இந்தக் கதையில் நடக்கிற அநியாயத்துக்கெல்லாம் முதல் போட்டவர் அவர்தான்.

பெர்னடெட் குருநகர்ப் பிள்ளை. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற இன்னாசித்தம்பியின் மூத்த மகள். அங்கே மீன்பிடிச் சங்கத்துக்குக் கிளாக்கராக வந்த உரும்பிராய்ச் சண்முகநாதன் அவளைக் கண்டான், விரும்பினான், அவளுடைய கத்தோலிக்கக் கோயிலில் வைத்துத் தாலியும் கட்டினான். தோட்டம் துரவோடு வாழ்கிற தகப்பன் சீவரத்தினத்தார் அன்றோடு மகனின் முகத்தில் முழிக்கவில்லை. பிறகு மண்டைதீவு இராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழுந்து குருநகர் வெறிச்சோடியது. போக்கிடம் இல்லாமல் இரண்டு பேரும் உரும்பிராய் வீட்டு வாசற் படலையில் வந்து நின்றபோது மனுசன் இளகினார். இளகினார் என்றால் சும்மா இல்லை.

“ஊருக்கு நீர் மானிப்பாய். மிஷன் வேதக்கார ஆக்கள். விளங்கிச்சோ?” என்றார் மருமகளிடம்.

மானிப்பாய் வேதக்காரர் என்றால் ஊர் வாய் திறக்காது. அவையும் எங்களைப்போல் தோட்டம் செய்த ஆக்கள், சாமியை மட்டும் மாத்தினவை என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குருநகர்க் கடற்கரை ஆக்கள் என்றால் செம்பில் தண்ணீர் கொடுப்பதற்கும் யோசிப்பார்கள். அதனால் ஊரும் மாறியது, பெயரும் மாறியது. பெர்னடெட் ராணி ஆனாள். பள்ளிக்கூடத்தில் ராணி ரீச்சர். இன்னாசித்தம்பி கோப்பாய்ப் பக்கம் ஒரு அகதி முகாமில் பாயை விரித்துக்கொண்டு கிடக்கிறார். மகளின் வீடு சைக்கிளில் எட்டிப் பிடிக்கிற தூரம். ஒருநாளும் படலைக்கு வந்ததில்லை, வர விட்டதும் இல்லை.

சரி, இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

காலமை குணலட்சுமி அவளுக்குச் சேலைக் கொசுவம் பிடித்துவிட்டாள். குணலட்சுமி சண்முகநாதனின் தங்கச்சி. அந்த வீட்டில் பெர்னடெட்டைத் தனியே இருக்கிற நேரம் ‘பேனி மச்சாள்’ என்று உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரேயொரு சீவன். அண்ணனின் கலியாணத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரும் போகக்கூடாது என்று தகப்பன் கட்டளை போட்டிருந்தார். இவள் மட்டும் தையல் வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப்போய், கோயிலின் கடைசி வாங்கில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அது இன்றுவரைக்கும் தகப்பனுக்குத் தெரியாது.

“சற்குணம் அக்காவும் வருவா எல்லே?” என்று குனிந்தபடியே கேட்டாள் குணலட்சுமி.

“வராமல்? மகள்தானே இண்டைக்கு ஏலம் கூறப்போறாள்.”

“என்னைப் பற்றி ஏதும் கேட்டால் வடிவாச் சொல்லுங்கோ மச்சாள்.”

“கேக்காட்டிலும் சொல்லுவன். எழும்பும், கொசுவம் இவ்வளவு காணும்.”

குணலட்சுமிக்கு முப்பது நடக்கிறது. செவ்வாய் தோஷம் என்று ஒருத்தர், சீதனம் காணாது என்று இன்னொருத்தர், பிரச்சினைக்குள்ளே கலியாணம் என்னத்துக்கு என்று வேறொருத்தர். எல்லாம் தட்டுப்பட்டு, கடைசியில் சாதகம் பொருந்தி வந்திருப்பது கதிரவேலு. வவுனியாக் கச்சேரியில் அரசாங்க வேலை. தாய் தகப்பன் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் தமக்கை சற்குணம். அவள் தலையாட்டினால் கலியாணம், ஆட்டாவிட்டால் இல்லை. அந்தச் சற்குணத்தின் மகள் கௌசலா, பெர்னடெட்டின் ஆண்டு மூன்று வகுப்பில் முன் வாங்குப் பிள்ளை.

சண்முகநாதன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றான். “அந்த மீன் விளையாட்டை விட்டிட்டு வெங்காயத்தோடை நிப்பாட்டேலாதோ?” என்றான்.

“அதிபர் விடுறார் இல்லை. அதுதான் திறம் எண்டு நிக்கிறார்.”

“அப்ப பிள்ளையள் கூறட்டும். நீர் வாய் திறவாதையும்.”

“ஓம், திறக்கமாட்டன்,” என்றாள்.

அந்த மீன் விளையாட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆசைக்கு வந்ததில்லை, இல்லாமைக்கு வந்தது. பொருளாதாரத் தடையில் கொப்பி இல்லை, பென்சில் இல்லை, சோக்கட்டி கண்ணிலும் இல்லை. ஒரு பென்சிலை மூன்றாய் முறித்து மூன்று பிள்ளைகள் எழுதுகிற காலம். எழுத ஒன்றும் இல்லாத இடத்தில் கணக்கு எப்படிப் படிப்பிக்கிறது? பெர்னடெட் இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தராசு செய்தாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து வெங்காயமும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்தார்கள். வகுப்பின் பின்பக்கம் ஒரு சந்தை எழும்பியது.

தோட்டக்காரர் பிள்ளைகள் அல்லவா, நிறுவையில் புலிகள். “ரீச்சர், இவன் கள்ள நிறை போடுறான்! விரலாலை அமத்துறான்!” என்று ஒருத்தி கத்துவாள். “உன்ரை வெங்காயம்தான் அழுகல், அதுதான் பாரமில்லை!” என்று அவன் திருப்பிக் கொடுப்பான். பம்பலுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை.

ஆனால் ஐந்து ஐந்தாய் எண்ண வராது. ஐந்து, பத்து வரைக்கும் வருவார்கள். பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று விரல் விட்டு, விரல் முடிந்துபோனால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் விரலைப் பிடித்து எண்ணுவார்கள். பெர்னடெட் தலைகீழாய் நின்று பார்த்தாள். சரிவரவில்லை.

ஒரு மழைப் பின்னேரம், சந்தைக்குக் கத்தரிக்காய் பிடிக்கவென்று கொண்டுவந்த குளத்தடிக் களிமண் கையில் இருந்தது. பெருவிரல் தானாக ஒரு செட்டை வைத்தது, ஒரு வாலை நசுக்கியது.

“ரீச்சர், உது என்ன?”

“விளைமீன்,” என்றாள்.

பிறகு கேட்பானேன். வகுப்பு முழுக்க மீன் பிடித்தது. களிமண்ணில்தான். பாரை, ஒட்டி, சூடை, வாயைப் பிளந்த ஒரு சுறா, கடுகை ஒட்டிக் கண் வைத்த கணவாய். அவற்றைக் கூறு கூறாகக் குவித்து, குருநகர்க் கரையில் தகப்பன் செய்வதுபோல் ஏலம் போட்டுக் காட்டினாள். விலைக்குப் புளியங்கொட்டை. ஏற்றுவதென்றால் ஐந்து ஐந்தாய்த்தான் ஏற்ற வேண்டும், அதுதான் சட்டம். மீன் வேண்டும் என்கிற ஆசையில் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்துக்குப் பிறகு நாற்பது என்று வாயில் வந்து விழுந்தது. ஒரு கிழமைக்குள் வாய்ப்பாடு பாடமாகிவிட்டது. அதிபர் தியாகராசா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, “இதைத்தான் பெற்றோர் தினத்துக்கு வைக்கிறம் ரீச்சர்!” என்று ஒற்றைக் காலில் நின்றார். நல்ல மனுசன். நல்ல மனுசராலும் சில நேரம் வீடு பற்றி எரியும்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. தாய்மார் ஒருபக்கம், தகப்பன்மார் ஒருபக்கம். குண்டு போடுகிற பொம்பர் வந்தால் எந்தப் பங்கருக்குள் எந்த வகுப்பு ஓடவேண்டும் என்று அதிபர் முதலில் அறிவித்தார். பிறகு சந்தை தொடங்கியது. வெங்காயக்காரன் கள்ள நிறை போட்டுப் பிடிபட்டான். தகப்பன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்தது மீன். கௌசலா வாங்கின்மேல் ஏறி நின்றாள். இரட்டைப் பின்னல், இடுப்பில் கட்டின சால்வை, கையில் ஒரு பெரிய பாரை.

“அஞ்சு! அஞ்சு! ஆர் அங்காலை? பத்து! பத்து எண்டு கேட்டாச்சு! பதினைஞ்சு!”

முன் வரிசையில் சற்குணம் இருந்தாள். மகள் ஏலம் கூறுவாள் என்று தெரியும், கூறப்போவது மீன் என்று அவளுக்கு முன்கூட்டித் தெரியாது போலும். முகம் கறுத்தது. பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துவிட்டது. இருபது என்று சொல்ல வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் ஆரோ கொடுப்புக்குள் சிரித்தார்கள். கௌசலாவின் கையில் இருந்த பாரை வாங்கில் விழுந்து வால் உடைந்தது. பிள்ளை விக்கி விக்கி அழத் தொடங்கினாள்.

வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான் பெர்னடெட். ஆனால் அழுகிற பிள்ளையை எப்படி ஒரு மண்டபம் சனத்துக்கு முன்னால் விட்டுவிட்டு நிற்கிறது? ஓடிப்போய் அணைத்தாள். கண்ணைத் துடைத்தாள்.

“என்ரை செல்லம், நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து கூறுவம், என்ன? நீர் மீனைப் பிடியும்.”

கூறின் முன்னால் போய் நின்றாள். நின்ற கையோடு குவியலிலிருந்து ஒரு சின்ன மீனை எடுத்தாள். புறம்பாக ஒரு பக்கத்தில் வைத்தாள். வலக்கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இடத்தோள், வலத்தோள்.

ஐயோ, அதை அவள் செய்யவேண்டும் என்று செய்யவில்லை. இன்னாசித்தம்பி ஒருநாளும் கோயிலுக்கென்று முதல் மீனைப் புறம்பாக்கிச் சிலுவை போடாமல் வாய் திறந்ததில்லை. சின்ன வயதிலிருந்து தகப்பனின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த பிள்ளைக்கு, கூறு முன்னால் நின்றால் கை தானாகப் போகும். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது கவனமாக விட்டுவிட்டாள். இன்றைக்குக் கவனமெல்லாம் அழுகிற பிள்ளைமேல் இருந்தது.

பிறகு வாய் திறந்தது. அப்பப்பா, அது ராணி ரீச்சரின் குரல் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டும் என்று பழகின குரல்.

“பார் மோனை, கண்ணைப் பார், செவுளைப் பார்! இப்ப வந்த மீன், இன்னும் துடிக்குது! இருவது! இருவது கேட்டாச்சு! அங்காலை தாடிக்காரர் ஏன் முழுசுறார், மனுசியிட்டைக் கேக்கோணுமோ? இருவத்தைஞ்சு! சொல்லும் கௌசலா, அங்காலை?”

“முப்பது!” என்று கத்தினாள் கௌசலா, கண்ணில் நீர் காயாமல்.

“முப்பது! முப்பது ஒருதரம்!”

மண்டபம் எழும்பிவிட்டது. தகப்பன்மார் பிள்ளைகளின் கையிலிருந்த புளியங்கொட்டையைப் பறித்து விலை ஏற்றினார்கள். அதிபருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அறுபத்தைந்துக்குப் பாரை போனபோது விழுந்த கைதட்டில் கூரை ஓடு அதிர்ந்தது. பெர்னடெட்டுக்கு வியர்த்துக் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஊருக்கு வந்தபிறகு அவள் அவளாக நின்ற முதல் நேரம் அதுதான், பாவம்.

முடிந்தபிறகு சற்குணம் கிட்ட வந்தாள். கௌசலாவின் கையைப் பிடித்திருந்தாள்.

“வடிவாச் செய்தனீங்கள் ரீச்சர். நான் மானிப்பாயிலைதான் படிச்சனான், தெரியுமோ? மிஷன் போர்டிங்கிலை.”

“அப்பிடியோ அக்கா?” என்றாள் பெர்னடெட்.

“ஓம். அங்கத்தை வேதக்காரர் செபம் பண்ணேக்கை கண்ணைத்தான் மூடுவினம். நெத்தியிலையும் நெஞ்சிலையும் கை வைக்கிறேல்லை. அது கத்தோலிக்க ஆக்களின்ரை பழக்கம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மற்றது, மானிப்பாயிலை கடல் எந்தப் பக்கம் ரீச்சர்? நான் கண்டதாய் ஞாபகம் இல்லை.”

பெர்னடெட் தெரிந்தவர்களிடம் பழகினது என்று ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

“பின்னேரம் வீட்டை வாறன்,” என்றாள் சற்குணம்.

ஊர்வாய்க்குச் சைக்கிள் தேவையில்லை. பெர்னடெட் வீடு வந்து சேர முந்தியே கதை வந்து சேர்ந்துவிட்டது. சீவரத்தினத்தார் முற்றத்தில் கூட்டில் போட்ட மிருகம்போல் நடந்துகொண்டிருந்தார். சண்முகநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். குணலட்சுமியின் கண் சிவந்திருந்தது.

“மாமா, நான் வேணுமெண்டு...” என்று தொடங்கினாள் பெர்னடெட்.

“ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. நான் கதைக்கிறன்,” என்றார் அவர்.

சற்குணம் வந்தாள். விறாந்தைக் கதிரையில் இருந்தாள். குணலட்சுமி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நேரை கேக்கிறன் ஐயா, குறை நினைக்காதையுங்கோ. உங்கடை மருமகள் எந்த ஊர்?”

சீவரத்தினத்தார் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“என்னத்தைச் சொல்ல பிள்ளை? நாங்களும் ஏமாந்துதான் போனம். மானிப்பாய் எண்டு சொல்லித்தான் உவள் இந்த வீட்டுக்குள்ளை கால் வைச்சவள். நம்பினம். இண்டைக்குத்தான் எங்களுக்கும் தெரியும்.” மகன் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, அப்பிடித்தானே?”

பெர்னடெட் புருசனைப் பார்த்தாள். சண்முகநாதன் தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

“ஓம் ஐயா. எனக்கும் இப்பதான் தெரியும்,” என்றான்.

அட பாவி! குருநகரில் அவள் வீட்டு முற்றத்து மணலில் சம்மணம் கட்டி இருந்து, இன்னாசித்தம்பி ஊற்றின ஒடியற்கூழைப் பனையோலைப் பிளாவில் வாங்கி வாங்கிக் குடித்தவன் இவன். நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் விடுங்கோ மாமா’ என்று கேட்டவன். இப்போதுதான் தெரியுமாம். இவனுக்கெல்லாம் என்ன பெயர் வைக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சற்குணம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி. நம்பினாளோ, நம்பினமாதிரி இருக்க விரும்பினாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

“அப்பிடியெண்டால் உங்களிலை பிழை இல்லை ஐயா. ஏமாத்தினவையிலைதான் பிழை. உங்களை ஏமாத்தினதுக்கு உங்கடை பிள்ளை என்ன செய்யும்? சம்பந்தத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கலாம்.” பிறகு பெர்னடெட்டின் முகத்தை நேரே பார்த்தாள். “ஆனால் நீர் சொல்லும் ரீச்சர், உம்மடை வாயாலை. நீர்தான் உவையை ஏமாத்தினீரோ?”

கதவு நிலையில் குணலட்சுமி நின்றாள். இரண்டு கையாலும் வெறும் தட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கண் மட்டும் கெஞ்சியது. மச்சாள், ஒரு ஓம் சொல்லுங்கோ. ஒரேயொரு ஓம்.

பெர்னடெட்டுக்கு விளங்கியது. சொல்லிவிட்டுப் போவோம், என்ரை மானம் ஏற்கெனவே போயிட்டுது, இந்தப் பிள்ளையாவது வாழட்டும் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். வாயையும் திறந்தாள்.

அந்தப் பாழ்படுவார் சீவரத்தினத்தார் அரை நிமிசம் பொறுத்திருந்தால் எல்லாம் அவர் நினைத்தபடி முடிந்திருக்கும். பொறுக்கவில்லை. பொய்க்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடப் பார்த்தார்.

“உவளைச் சொல்லி என்ன பிள்ளை? எல்லாத்துக்கும் உவளின்ரை தேப்பன்காரன்தான். அந்தக் கள்ளன்! மகளைச் சோடிச்சு எங்கடை பெடியனிலை ஏவிவிட்டிட்டு, இப்ப முகாமிலை நிவாரணத்துக்குக் கையேந்திக்கொண்டு கிடக்கிறான். வெக்கங்கெட்ட கூட்டம்!”

“மாமா, வாயை மூடுங்கோ!”

குரல் தெரு ஒழுங்கைவரை கேட்டிருக்கும். காலமை மண்டபத்தில் கேட்ட அதே குரல்.

“என்ரை பேர் பெர்னடெட்,” என்றாள் சற்குணத்தைப் பார்த்து. “குருநகர். மீன் கூறுற இன்னாசித்தம்பியின்ரை மகள். ராணி எண்டு பேர் வைச்சவர் இந்தா நிக்கிறார். மானிப்பாய் எண்டு சொல்லச் சொன்னவரும் இவர்தான். என்ரை அப்பா ஆரையும் ஏமாத்தேல்லை. இவரின்ரை மகன்தான் எங்கடை வீட்டு வாசல்லை நாயாய்க் கிடந்து என்னைக் கேட்டவர். எங்கடை கோயில்லை வைச்சுத்தான் தாலி கட்டினவர்.”

“பெர்னடெட்!” என்றான் சண்முகநாதன். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அப்போதுதான்.

“என்னை நம்பாட்டில் குணத்தைக் கேளுங்கோ! அவளும் வந்து கோயில்லை நிண்டவள்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்தாள். கடித்து என்ன?

சீவரத்தினத்தார் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். சற்குணமும் பார்த்தாள். குணலட்சுமி தட்டை நெஞ்சோடு இன்னும் இறுக்கினாள்.

“ஓமோ பிள்ளை? நீரும் போனனீரோ?” என்று கேட்டாள் சற்குணம்.

குணலட்சுமி தலையைக் குனிந்தாள். அதுவே பதிலாய்ப் போனது.

சற்குணம் எழும்பினாள். சேலையை உதறி இழுத்துவிட்டாள். “கௌசலாவை நாளையிலையிருந்து மற்ற வகுப்பிலை விடச் சொல்லி அதிபரிட்டைச் சொல்லுறன். சம்பந்தத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. தம்பி வெள்ளிக்கிழமை வவுனியாவிலையிருந்து வாறான். குருநகர்க் கதையையும் சொல்லுவன். வீடு முழுக்கப் பொய் சொன்ன கதையையும் சொல்லுவன். எது பெரிசு எண்டு அவன் முடிவெடுக்கட்டும்.”

தேத்தண்ணி ஆடை கட்டிப்போய் இருந்தது. அவள் படலை தாண்டிப் போனாள்.

“நீயும் வெளியிலை போ,” என்றார் சீவரத்தினத்தார் மருமகளிடம். இதுவரை நீர் என்றவர்.

பெர்னடெட் புருசனைப் பார்த்தாள். சண்டை பிடிக்கவேண்டாம், கையைப் பிடிக்கவேண்டாம், ‘பொறும்’ என்று ஒரு சொல் சொன்னால் காணும். அவன் தூணில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய் இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். சைக்கிளை எடுத்தாள். இருட்டுவதற்குள் முகாமுக்குப் போய்விடலாம். அப்பா ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார், பாயை விரித்துவிடுவார்.

படலையடியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. குணலட்சுமி ஓடிவந்தாள். பெர்னடெட்டின் நெஞ்சு உருகியது. இந்த வீட்டில் இவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று சைக்கிளைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

“என்னை ஏன் சொன்னனீங்கள்?” என்றாள் குணலட்சுமி.

“குணம், கோபத்திலை வாயிலை வந்திட்டுது. உம்மை நினைச்சு ஓம் எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான். அதுக்குள்ளை அப்பாவைக் கள்ளன் எண்டு...”

“கள்ளன் எண்டது ஐயா. பொய் சொன்னது அண்ணை. அவையைக் கிழிச்சுக் காயப்போட்டிருக்கலாம், நான் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன். நான் என்ன செய்தனான் உங்களுக்கு? உங்கடை பக்கம் நிக்க எங்கடை வீட்டு ஆள் ஒண்டாவது வேணும் எண்டு ஒளிச்சு வந்தனான். அதைத்தானே எடுத்து எறிஞ்சனீங்கள்?”

பெர்னடெட் நீட்டின கையை மெல்ல இறக்கினாள்.

“உங்களுக்குப் போறதுக்கு ஒரு அப்பா இருக்கிறார் மச்சாள். எனக்கு இந்த வீடுதான். எனக்கு முப்பது வயசு.”

“குணம்...” தோளைத் தொடப்போனாள். குணலட்சுமி ஒரு அடி பின்னால் வைத்தாள்.

விறாந்தையிலிருந்து தகப்பனின் குரல் வந்தது. “குணம்! படலையைச் சாத்திப்போட்டு உள்ளை வா! உன்னோடை கதைக்கக் கிடக்கு!”

சீவரத்தினத்தார் எழும்பி வரவில்லை. சண்முகநாதனும் வரவில்லை. குணலட்சுமிதான் படலையை இழுத்துச் சாத்தினாள், சங்கிலியையும் கொளுவினாள். திரும்பிப் பார்க்காமல் தகப்பனிடம் போனாள்.

பெர்னடெட் சைக்கிளைப் பிடித்தபடி ஒழுங்கையில் நின்றாள். அந்த வீட்டில் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒரேயொரு ஆள் உள்ளே போய்விட்டாள்.